பையின் வாரைப் பிடித்தவள்

ஜூன் 3

அன்புள்ள நெட்டைக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. சமூகப்பணி படித்துவிட்டு நீ தொழிற்சாலை மனிதவளப் பிரிவுக்குப் போனாய், நான் குழந்தைகள் பாதுகாப்புக்கு வந்தேன். நீதான் கெட்டிக்காரி.

ராத்திரியில் குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறதென்று பக்கத்து வீட்டார் கொடுத்த புகாரின்மேல் ஒரு வீட்டுக்கு விசாரிக்கப் போனேன். ஏழு வயதுப் பெண், அம்மா இல்லை. அப்பா உங்கள் பெயிண்ட் பிரிவு ஃபோர்மேனாம். உன்னைத் தெரியும் என்று அவர் சொன்னதும் அசந்துவிட்டேன். குழந்தையிடம் தனியாகப் பேசுவது எங்கள் விதி. "அவ கூச்சப்படுவா, நான் பக்கத்துல இருக்கேனே" என்றார். அவரை உட்காரவைத்துக்கொண்டே அவளிடம் பேசினேன். ‘தனியாகப் பேசியாயிற்று’ என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கோப்பை மூடிவிட்டேன்.

கிளம்பும்போது அவள் என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. பாசம் என்று நினைத்தேனடி.

உன் வாயாடி

ஜூன் 8

அடி வாயாடி,

குழந்தைகள் எல்லாப் பையையும்தான் இழுக்கும். வீணாக மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. இங்கே ஓர் இடம் காலி, படிவம் இத்துடன் வைத்திருக்கிறேன், நிரப்பி அனுப்பு. இங்கே லீவு கிடைக்காமல்தான் அழுவார்கள். டிக் போட்டதைப் பற்றி மட்டும் மூச்சு விடாதே.

நெட்டை

ஜூன் 12, காலை

நெட்டை,

மேலதிகாரி அம்மாவிடம் சொல்லிவிட்டேன்: "நான் தனியா பேசல மேடம். பொய்யா டிக் போட்டேன்." அவர் திட்டவில்லை, வண்டியை எடுக்கச் சொன்னார். வீடு பூட்டியிருந்தது. ஞாயிறன்றே சாமான் ஏற்றிப் போய்விட்டார்களாம், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. போலீசுக்கும் சொல்லியாயிற்று.

உன் அலுவலகத்தில் புது முகவரி இருக்குமே. காலையிலிருந்து கூப்பிடுகிறேன், நீ ஏன் போனை எடுக்கவில்லை? இதைக் கொண்டுவரும் டிரைவரிடமே பதில் கொடு. பயமாயிருக்கிறதடி.

வாயாடி

ஜூன் 12, மதியம்

வாயாடி,

ஊழியர் முகவரியை வெளியே கொடுக்கக் கூடாது என்பது எங்கள் விதி. தனித்தாளில் எழுதியிருக்கிறேன், டிரைவரிடம் வாங்கிக்கொள்.

உன் முதல் கடிதத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. ஆறாம் தேதி அவர் இடமாற்றம் கேட்டு வந்தார். "பொண்ணுக்கு இந்த ஊர் ஒத்துக்கல" என்றார். நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகுதான் உனக்கு மூச்சு விடாதே என்று எழுதினேன். அது உனக்காக இல்லை, என் கையெழுத்துக்காக.

படிவத்தைக் கிழித்துப் போடு. குழந்தை கிடைத்ததும் ஒரு வரி எழுது. கிடைக்காவிட்டாலும் எழுது.

நெட்டை