ஜவுளிக்கடைப் பையில் வந்த மாத்திரைகள்

மாப்ள,

உன் ஜவுளிக்கடைப் பை இன்னும் என் வண்டிப் பெட்டியில்தான் கிடக்கிறது. இன்று காலை ஸ்பேனர் தேடும்போது கையில் அகப்பட்டது. முகர்ந்து பார்த்தேன். புதுச்சேலை வாசம் எங்கே வரும்? மாத்திரை வாசம்தான்.

சர்க்கரை மாத்திரை வாங்க நாம் இரண்டு பேரும் அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்குச் சேர்ந்துதான் போவோம். வாசலைத் தாண்டியதும் எல்லாவற்றையும் இந்தப் பைக்கு மாற்றிவிடுவாய். நம் வில்லாபுரத்தில் யார் பார்த்தாலும் சேலை என்று நினைக்க வேண்டும் உனக்கு. "மாசாமாசம் சேல எடுக்குறவன்னு பேரு வாங்கிட்டயேடா" என்று கேலி செய்வேன்.

"சிரிக்காத மாப்ள. பொண்ணு இருக்குற வீடு."

தல்லாகுளத்திலிருந்து உன் மகளுக்குச் சம்பந்தம் வந்ததும் பெரியாஸ்பத்திரிப் பக்கமே போவதை விட்டுவிட்டாய். ஓசி மருந்து தின்கிற வீடு என்று சொல்லிவிடுவார்களாம். தனியார் கிளினிக்குக்கு மாறினாய். அங்கே போகும்போதெல்லாம் முதலில் டெஸ்ட். டாக்டர் எழுதும் மாத்திரை கீழே இருக்கும் அவர்கள் கடையைத் தவிர வேறெங்கும் கிடைக்காது. கல்யாணம் முடிந்தும் நீ திரும்பி வரவில்லை. எந்த டாக்டர் என்று சம்பந்தி விசாரிப்பாராம். கட்டுப்படியாகாமல் மாத்திரையைக் குறைத்தாய். "ஒருநா விட்டு ஒருநா போட்டாலும் உள்ளதான மாப்ள போகுது?" என்றாய். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் உன்னை அறையத் தோன்றுகிறது.

கால் புண் புரையோடி, உன் வீட்டுக்காரி கழுத்துச் சங்கிலியும் போன பிறகு, உன்னைப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். சர்க்கரை உன்னைக் கொல்லவில்லையடா. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம்தான் கொன்றது. அந்தப் பயத்தில் கடை விரித்தவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

இன்று என் மகளைப் பெண் பார்க்க ஒத்தக்கடையிலிருந்து வந்தார்கள். காலையிலேயே என் வீட்டுக்காரி ஆரம்பித்துவிட்டாள். "இன்னைக்கு மாத்திர வாங்கப் போகாதீக. போனாலும் அந்த அண்ணே மாதிரி பைக்குள்ள மறச்சுக் கொண்டாங்க."

போனேன். வரிசையில் நின்றேன். வாங்கியதைக் கையில் பிடித்தபடியே தெருவில் நடந்து வந்து, நடுவீட்டு மேசையில் வைத்தேன்.

வந்து உட்கார்ந்த மாப்பிள்ளையின் அப்பா அந்த அட்டைகளையே பார்த்தார். "பெரியாஸ்பத்திரி மாத்திரைங்க. சர்க்கரைக்கு" என்றேன். என் வீட்டுக்காரிக்கு முகம் செத்துப்போயிற்று. எனக்கும் பயம்தான், மறைப்பானேன்? என் வீம்பு மகளின் வாழ்வில் விழுந்துவிட்டால்?

அப்போது மகளே தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். பட்டுச் சேலையும் மல்லிகைப் பூவுமாக, அத்தனை பேர் முன்னால் ஒரு அட்டையை எடுத்துப் பிதுக்கி என் கையில் வைத்தாள்.

"கேசரியத் தொடாதீகப்பா. முதல்ல இதப் போடுங்க."

அவர்கள் இப்போதுதான் கிளம்பினார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லட்டும், சொல்லாமலும் போகட்டும். உன் பையை நான் தூக்கிப் போடமாட்டேன், மாப்ள. ஆனால் இனி அதில் சேலைதான் வரும். மாத்திரை என் கையில் வரும்.