ஐந்தாவது கை கரும்புச்சாறு

செங்கம் ரோடு,
திருவண்ணாமலை.
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மகள் அக்ஷயாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை பிரசாத்தும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்ற நினைப்போடு இதை ஆரம்பிக்கிறேன். இங்கே முட்டிவலியையும் சித்திரை வெயிலையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ அப்புறம் என்று கேட்டதுமே எனக்கு எல்லாம் மறந்துவிடுகிறது, அதுவும் நீ கோபமாக வைத்த பிறகு நானாகக் கூப்பிட விரல் போகவில்லை. முப்பத்தைந்து வருஷம் சர்வேயராக ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து கொடுத்தவன், பெற்ற மகளிடம் நாலு வார்த்தை கோர்வையாகச் சொல்லத் தெரியாமல் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். சிரித்துக்கொள்.

மாடிப் போர்ஷனுக்கு இத்தாலிக்கார அம்மா ஒருத்தி வந்திருக்கிறாள். அமைதி தேடி வந்தாளாம், வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேரை அங்கேயே விட்டுவிட்டு வந்தாளாம். போன வாரம் இறங்கி வந்து, தியானம் செய்யும் நேரத்தில் குக்கர் விசில் வேண்டாமே என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டாள். ஒரே ஒரு ஆளுக்கு வைக்கும் சோறு, மிஞ்சிப் போனால் ரெண்டு விசில், அதுவும் ஜாஸ்தி என்று ஆகிவிட்டது. இப்போது பாத்திரத்தில் வடிக்கிறேன், ஒரு நாள் குழைகிறது, ஒரு நாள் அரிசியாக நிற்கிறது. இந்த ஊரில் வீட்டை விட்டு வந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை அம்மா. ஆசிரமத்துப் பக்கம் காபி குடிக்கப் போனால் அடுத்த மேஜையில் அப்படி நாலு பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். விடப்பட்டவர்கள் எங்கே காபி குடிக்கிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை, கேட்டால் நான் கையைத் தூக்குவேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ போகக் கூடாது என்று சொன்னாய், நான் போனேன். நடந்ததை முதலிலிருந்து எழுதினால்தான் எனக்கே விளங்கும் போலிருக்கிறது, அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துப் பொறுமையாகப் படி. உன் கல்யாணம் முடிந்து எட்டாம் மாதம் உன் அம்மா துறவுக்குப் போகிறேன் என்றாள். ஒரு வருஷம் வாதாடினேன். நம் சமண வழக்கப்படி, கட்டினவன் சபையில் எழுந்து சம்மதம் என்று சொல்லாமல் தீட்சை கொடுக்க மாட்டார்கள். ஏன் சொன்னீர்கள் என்று ஆறு வருஷமாகக் கேட்கிறாய். நம்பிக்கை உள்ளவனாக இருந்தால் சாஸ்திரத்தைக் காட்டியாவது அவளை மடக்கியிருப்பேன், என்னிடம் அதுவும் கிடையாது. அவள் கேட்டது ஒன்றுதான், நான் கொடுக்க முடிந்ததும் அது ஒன்றுதான். மைக்கைக் கையில் கொடுத்தார்கள், சம்மதம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

எனக்கு நம்பிக்கை போய் முப்பது வருஷம் ஆகிறது. சண்டை போட்டுக்கொண்டு வெளியே வரவில்லை, சண்டை போடுவதற்குப் படைத்தவன் என்று ஒருவன்கூட இல்லாத மதம் நம்முடையது. போன பிறவி, வரப்போகிற பிறவி, ஒட்டிக்கொள்ளும் வினை என்றெல்லாம் சொல்லும்போது மனசு ஒட்டவில்லை, அவ்வளவுதான். நீயும் காலேஜ் படிக்கும்போது அதையே வந்து சொன்னாய், அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆனால் அட்சய திருதியையை மட்டும் நான் விட்டதில்லை. ஊரே நகைக்கடை வாசலில் வரிசை கட்டி நிற்கும் நாளில் நான் தூக்குவாளியோடு கரும்பு மெஷின் முன்னால் நிற்பேன். இஞ்சி போடாதே, மண்ணுக்குள் விளைகிறது எங்களுக்கு ஆகாது என்றால் கடைக்காரன் என்னை ஒரு மாதிரி பார்ப்பான். ஒரு வருஷம் பட்டினியாக நடந்த ஆதிநாதருக்கு இந்த நாளில் ஒருவன் கரும்புச்சாறு ஊற்றினான் என்ற கதையைச் சொல்லி, அம்மா உன் கையில் மூன்று தரம் ஊற்றுவாள். நீ பிறந்ததும் அந்தத் திதியில்தான், அதனால்தான் உனக்கு அந்தப் பெயர். கதை நடந்ததோ இல்லையோ, பசித்தவள் கையில் இனிப்பை ஊற்றுவதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இருந்ததில்லை. அவள் போன பிறகு வாளியை எடுக்கவில்லை.

இந்த வருஷம் அந்த நாளுக்கு அவர்கள் துறவியர் கூட்டம் கீழ்பென்னாத்தூர் தாண்டி இருக்கும் நம் பூர்வீக ஊருக்கே வந்திருக்கிறது என்று வீரேந்திரன் சித்தப்பா போன் செய்தான். அவளும் வந்திருக்கிறாள், ரெண்டு நாளாக ஆகாரம் அமையவில்லை என்றான். உனக்குத் தெரியும், அவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே வேளை, அதுவும் கையில் வாங்கி, தண்ணீர்கூட அந்த நேரத்தில்தான். இன்ன அடையாளம் தெரிந்த வீட்டில்தான் வாங்குவேன் என்று மனசுக்குள் ஒன்று நினைத்துக்கொண்டு தெருவில் நடப்பார்கள், தெரியாவிட்டால் பட்டினியாகத் திரும்பிப் போவார்கள். இந்த வெயிலில் ரெண்டு நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்று கேட்டதும் எனக்கு உட்கார முடியவில்லை. அதைச் சொல்லத்தான் உன்னைக் கூப்பிட்டேன். "நம்பாம செய்யறது நடிப்பு இல்லையாப்பா, நம்மள விட்டுட்டுப் போனவங்க முன்னாடி நீங்க போய் நிக்கணுமா"னு கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். விடியற்காலை முதல் பஸ் பிடித்தேன்.

சித்தி என்னைக் கிணற்றடியில் குளிக்கவைத்து, யாரும் தொடாமல் காயவைத்த வேட்டியைக் கொடுத்தாள். சித்தப்பா கைமெஷினைக் கொதிநீர் விட்டுக் கழுவி, கரும்பைத் துடைத்து, சாறு எடுத்து வெள்ளைத் துணியில் மூன்று முறை வடிகட்டினான். என்னைச் சும்மா பின்னால் நில்லுங்கள் என்றுதான் முதலில் சொன்னார்கள், நான்தான் ஊற்றுவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். ராத்திரிச் சாப்பாட்டை விடுகிறேன் என்று சொன்னால்தான் செம்பைத் தொடலாம் என்றாள் சித்தி. விடுகிறேன் என்றேன், ஒண்டியாளுக்கு ராத்திரி என்ன பெரிய விருந்து. அப்புறம் செம்பைக் கையில் கொடுக்கும் முன்னால் சொன்னாள்: "மாமா, ஒண்ணே ஒண்ணு. அழக் கூடாது. அழற சத்தம் காதுல விழுந்தா மாதாஜி கையை எடுத்துடுவாங்க, அதோட இன்னைக்கு முடிஞ்சுது, நாளைக்குத்தான்." எனக்குக் கோபம் வந்துவிட்டது. அறுபத்தெட்டு வயசுக்காரன் எதுக்கு அழப் போறேன், போய் உன் வேலையைப் பார் என்றேன்.

பத்து மணி இருக்கும், வந்தாள். ஒற்றை வெள்ளைப் புடவை, கையில் மயில்பீலி, வெறுங்கால். தார் ரோடு அப்போதே கொதிக்கிறது. துறவு வழக்கப்படி தலைமுடியைக் கையால் பிடுங்கி ரொம்ப நாள் ஆகவில்லை போலிருக்கிறது, தோல் சிவந்திருந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்று வாங்க, நில்லுங்க என்று கூப்பிடுகிறார்கள். நம் வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து நம் வாசலில் நின்றாள். என்ன நினைத்து நின்றாள் என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் கூடாது. சித்தி காலைக் கழுவிவிட்டு உள்ளே அழைத்துப் பலகையில் உட்காரவைத்தாள். மனசு சுத்தம், வாக்கு சுத்தம், உடம்பு சுத்தம், உணவு சுத்தம் என்று கொடுப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும். மனசு என்ற இடத்தில் நான் வாயைத் திறக்கவில்லை, மற்ற மூன்றையும் உரக்கவே சொன்னேன். பொய் சொல்லி அவளுக்குச் சாப்பாடு போட எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். நான் ஊற்றினேன். முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நானே வைத்துக்கொண்டேன், அதனால் கையையே பார்த்தேன். உள்ளங்கை வெடித்திருக்கிறது. முருங்கைக்காய் நறுக்கும்போது பட்ட வெட்டுத் தழும்பு அப்படியே இருக்கிறது. ஒரு கை குடித்தாள், இரண்டு, மூன்று. சித்தி பக்கத்தில் நின்று தும்பு ஏதாவது விழுகிறதா என்று கண் கொட்டாமல் பார்க்கிறாள். நாலாவது கையும் ஒரு சொட்டு ஒழுகாமல் குடித்தாள். ஐந்தாவது ஊற்றும்போது என் கை கொஞ்சம் வேகமாகச் சாய்ந்துவிட்டது போலிருக்கிறது. அவள் கட்டைவிரலை லேசாக அசைத்தாள். நான் சோறு போடும்போது, குழம்பு ஊற்றும்போது, மெதுவா மெதுவா என்று சொல்லாமல் முப்பது வருஷம் அசைப்பாளே, அதே அசைப்பு. பேச்சில்லாத இடத்தில் எல்லோரும் விரலால்தான் காட்டுவார்கள், அதில் எனக்கென்று ஒன்றும் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்துவிட்டது. நான் அழுதுவிட்டேன் அம்மா.

அவள் கை பிரிந்தது. சாறு முழுவதும் கீழே வைத்திருந்த தாம்பாளத்தில் விழுந்தது. எழுந்து மயில்பீலியை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், யாரையும் பார்க்காமல், வந்த வழியே நடந்து போய்விட்டாள். இரண்டு நாள் பட்டினிக்கு மேல் நாலே கை சாறு. கூட்டத்தில் ஒருவர் நம்பிக்கை இல்லாதவன் செம்பைத் தொட்டால் இப்படித்தான் ஆகும் என்று என் காதுபடச் சொன்னார். சித்தப்பா அவரை முறைத்தான், என்னையும் முறைத்தான். சித்தி மோர் கொண்டுவந்து வைத்தாள், எனக்கு இறங்கவில்லை. அன்றைக்கு நானும் தண்ணீர் குடிக்கவில்லை. புண்ணியத்துக்கு இல்லை, அவள் குடிக்காதபோது என்னால் முடியவில்லை. மறுநாள் காலை தெருவின் அந்தக் கோடியில், அவள் கண்ணில் படாத தூரத்தில் நின்றேன். மூன்றாவது வீட்டில் அமைந்தது. சோறும் தண்ணீரும் முழுக்க வாங்கி முடித்தாள் என்று ஒரு பெண் வெளியே வந்து சொன்ன பிறகுதான் பஸ் ஏறினேன்.

நீ கேட்டாயே நடிப்பு இல்லையா என்று, நாலு நாளாக அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அழும் சத்தம் கேட்டால் சாப்பாட்டை விட வேண்டும் என்ற விதியை எழுதியவரிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது, அதனால் யாருக்கும் மோட்சம் வரும் என்றும் நினைக்கவில்லை. ஆனால் பக்கத்தில் ஒருவன் அழும்போது நான் சாப்பிட மாட்டேன் என்று மனிதர்கள் உட்கார்ந்து யோசித்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்களே, அதைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. இந்த வீட்டில் ஆறு வருஷமாக அழுதிருக்கிறேன், உனக்குச் சொன்னதில்லை. குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன், மாடிக்குக் கேட்கக் கூடாது என்று. ஒரு நாளும் ஒன்றும் நிற்கவில்லை, பஸ் ஓடியது, கிரிவலக் கூட்டம் போனது, பால்காரன் வந்தான். அன்றைக்கு ஒரு நாள்தான், நான் அழுததும் உன் அம்மா சாப்பிடுவதை நிறுத்தினாள்.

அவள் மேல் உனக்கு இருக்கும் கோபத்தை விடு என்று நான் சொல்லப் போவதில்லை, எனக்கே அது முழுசாகப் போகவில்லை. ஆனால் வருகிற வருஷம் உன் நாளன்று அங்கே கரும்பு கிடைக்காவிட்டால் வெல்லத்தைக் கரைத்தாவது மாப்பிள்ளை கையில் ஊற்று, அவரை உன் கையில் ஊற்றச் சொல். எதையும் நம்ப வேண்டாம், மெதுவாக ஊற்றினால் போதும்.

எந்தச் சாமி பெயரைச் சொல்லி உங்களை வாழ்த்துவது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் நானே வாழ்த்துகிறேன். இருவரும் ஒருவர் சத்தம் ஒருவருக்குக் கேட்கிற தூரத்தில் நெடுநாள் இருங்கள். மழையில் சைக்கிள் ஓட்டும்போது பிரேக்கைப் பார்த்துப் பிடி, இரும்பு மாத்திரையை நிறுத்தாதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் ஒரு தரம் போன் செய். பேச ஒன்றும் தோன்றாவிட்டாலும் பரவாயில்லை, சும்மா லைனில் இரு.

இப்படிக்கு,
உன் அப்பா
ப. தன்யகுமார்