இடது கையில் வளைகாப்பு வளையல்

ஜூன் 12, வியாழன்
விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. மார்பு ஆபரேஷனில் இடது அக்குளின் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டதால் அந்தக் கையில் நீர் கோத்துக்கொள்கிறது. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் மலையாளச் சேச்சி சொன்னவை: கையைத் தலையணை மேல் உயர்த்தி வைக்க. ஆழ்ந்த மூச்சு. மெல்லத் தடவல், அமுக்கக் கூடாது. தினமும் நடை. தோல் வறளாமல் எண்ணெய். வீக்கம் ஏறாமலிருக்க, கையை இறுக்கிப் பிடிக்கும் உறை. "வள, மோதிரம், பிளட் பிரஷர் நோக்கறது, ஒண்ணும் இந்தக் கையில வேண்டா, கேட்டோ."

தடவினேன். மேல்கையில் உணர்ச்சி இல்லை. யாருடைய கையோ. மனசும் அப்படித்தான் கிடக்கிறது.

ஜூன் 13, வெள்ளி
மழை விட்டது. படகுத்துறை வரை நடை. சாயா குடித்தேன், ருசி தெரியவில்லை. ஞாயிறு மகள் செல்விக்கு ஆலுவாவில், மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்பு. வாங்க வேண்டியவை: புளி, எலுமிச்சை, வெற்றிலை. என் நோய் அங்கே யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளையிடம்கூடச் சொல்லாதே என்று செல்வியிடம் நான்தான் சொல்லி வைத்தேன்.

என் வீட்டுக்காரர் கேட்டார், "கையில அந்த உறையோடயா வரப்போற? சம்பந்தி வீட்ல என்னான்னு கேப்பாங்க." கழற்றி வைத்துவிட்டேன். கோபம்கூட வரவில்லை.

ஜூன் 15, ஞாயிறு
செல்விக்கு வயிறு நன்றாகத் தெரிகிறது. அவளுக்கு அடுக்கியபின் வந்த பெண்களுக்கெல்லாம் கண்ணாடி வளையல். சம்பந்தியம்மா என் இடது கையையும் பிடித்தார். "பொண்ணைப் பெத்தவங்க, ஒரு கையை மொட்டையா விடலாமா?" சபையில் என்ன சொல்ல? நீட்டினேன். பச்சை, சிவப்பு. சாயங்காலம் செல்வியை அழைத்துக்கொண்டு மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு.

ஜூன் 16, திங்கள்
கை வீங்கிவிட்டது. வளையல் சதைக்குள். சோப்பு, தேங்காயெண்ணெய், எதற்கும் நகரவில்லை. உடைத்தால் தீர்ந்தது. வளைகாப்பு வளையலை, பிள்ளை பிறக்கும் முன்னா? கை போனால் போகட்டும். முந்தானையால் மூடிக்கொண்டு படுத்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்
செல்வி பார்த்துவிட்டாள். "அய்யய்யோ, என்னம்மா இது, விரலெல்லாம் பணியாரமாட்டம் உப்பியிருக்கு!"

உடைத்தால் உன் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்றேன்.

"சும்மா இரும்மா. பிள்ளையத் தூக்க உன் ரெண்டு கையும் வேணும்."

வளையலுக்கடியில் ஈரத்துணியை நுழைத்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக நெரித்து உடைத்தாள். கடைசி வளையல் உடைந்ததும் ஆலுவாவுக்கு போன் போட்டாள். "அத்தே, அம்மாவுக்கு கேன்சர் ஆபரேஷன் ஆயிருக்கு. கை வீங்கிருச்சு. வளையலை நாந்தான் உடைச்சேன்."

 அந்தப் பக்கமிருந்து சம்பந்தியம்மா குரல்: "தெரியாமப் போட்டுட்டேனே... வலிக்குதா அவங்களுக்கு? போனைக் குடு."

வாங்கினேன். அழுகைதான் வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு இன்றுதான்.