ஈட்டி மரத்தின் நிழல்

அன்பு மகளுக்கு,

இங்கே நான் இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன். நீ நலமா, உன்னைச் சுற்றி நிற்கும் மரங்கள் நலமா? அவற்றை விசாரிக்காமல் எழுதினால் உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

பட்டறை ஓடுகிறது. ஒரு மேசை, சில ஜன்னல் சட்டங்கள். நீ போனபின் பலகையிடம் மன்னிப்புக் கேட்க ஆளில்லை. ரம்பம் வைக்குமுன் நானே வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன். பாலிஷ்காரன் பார்த்துவிட்டான். பலகை என்னண்ணே பதில் சொல்லுச்சு என்று கேட்டான். காலையில் இரண்டு டம்ளரில் டீ ஊற்றிவிடுகிறேன். இரண்டாவதும் எனக்கே. இருமலுக்கு டாக்டரிடம் போனேன், மரத்தூள் நெஞ்சில் படிந்திருக்கிறதாம். வீட்ல கூட யாரு இருக்கா பெரியவரே என்றார். மகள் என்றேன். எங்கே என்றார். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதம் வந்தது. பிறந்த வனத்துக்குத் திரும்புகிறவர் ஒரு மரம் நட வேண்டும், அதன் நிழலில் உட்காரும்வரை வெளியே கிளம்பக் கூடாது, அது உங்கள் வழக்கம் என்று எழுதியிருந்தாய். ஈட்டி நட்டிருக்கேம்பா, நிழல் விழுந்ததும் ஓடி வந்துடறேன், கொஞ்ச நாள்தான் என்று. ஈட்டி என்றதும் பெருமையாக இருந்தது. வைரம் பாயும் மரம். பிறகு உளியைக் கீழே வைத்துவிட்டேன். ஈட்டி மெல்ல வளரும், ஆள் உட்கார நிழல் விழ இருபது முப்பது வருஷமாவது ஆகும். முந்நூறு வருஷம் வாழ்கிற உன் ஜனங்களுக்கு அது கொஞ்ச நாள். நாற்பது வயதிலும் நீ பள்ளிக்கூடப் பிள்ளைபோல இருக்கிறாய், கடைத்தெருவில் உன்னை என் பேத்தி என்பார்கள். எனக்குப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. அவ வர்றதுக்குள்ள நீங்களே பலகை ஆயிடுவீங்கண்ணே என்றான் பாலிஷ்காரன். சிரித்தேன். அவனும் சிரித்தான். அப்புறம் அவன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

உன்மேல் குறையில்லை. காட்டோரத்தில் கிடந்த உன்னைத் தூக்கி வந்து வளர்த்த நானேதான் பிறந்த இடத்தைப் பார்த்து வா என்று பையும் கட்டிக் கொடுத்தேன்.

ஒரு யோசனை. வழக்கம் ஒரு மரம் என்கிறது, இன்ன மரம் என்று சொல்லவில்லை. பிடித்ததால் ஈட்டி நட்டதாக நீயே எழுதியிருக்கிறாய். பட்டறைக்குப் பின்னால் நீ நட்ட முருங்கை நினைவிருக்கும். சீவுளி வைத்து இழைத்தால் நார்நாராகப் போகும், விறகுக்கும் ஆகாது, வெட்டி எறி என்று எத்தனை முறை திட்டியிருப்பேன். நீ சோறு தின்னாமல் அதைக் கட்டிக்கொண்டு உட்காருவாய். அதன் விதைகள் இந்த உறையில் இருக்கின்றன. வருஷத்துக்குள் ஆள் உயரம் தாண்டும். நிழல் சல்லடைபோலத்தான் விழும். விழட்டும், ஒரு ஆள் உட்காரலாம். ஈட்டியும் பக்கத்தில் வளரட்டும். அது காத்திருக்கும். எனக்குப் பிறகு போய் உட்காரு.

நீண்ட ஆயுள் என்று உன்னை வாழ்த்துவது வீண், அது உன்னிடம் கொட்டிக் கிடக்கிறது. மனம் குளிர இரு, துணையோடு இரு. விதையை ஒரு ராத்திரி ஊறப்போட மறக்காதே. நட்டபின் அதனிடம் சொல்லு, அப்பா கொஞ்சம் அவசரப்படச் சொன்னார் என்று. திட்டினதற்கு மன்னிப்பும் கேட்டார் என்று.

உன் அப்பா