ஒட்டுக்கு மேல் ஏறிய மண்

மார்ச் 4

அன்புத் தங்கை வாலுவுக்கு,

மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா? நலம் விசாரித்துவிட்டுத்தான் சண்டைக்கு வருகிறேன். உன் நாற்றுப்பண்ணையில் வாங்கிய ஆரஞ்சுக் கன்றுகளெல்லாம் மஞ்சளடிக்கின்றன. அடித்தண்டில் பிசின் வடிகிறது. சீக்கிரம் வளருமே என்று காட்டு எலுமிச்சை வேரில் ஒட்டிய கன்றுதான் நான் கேட்டேன். "உங்க களிமண்ணுக்கு அது அழுகிடும், அடியில ஒட்டற வேர்ச்செடி மூவிலை ஆரஞ்சா இருந்தாதான் சரி" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவள் நீ. இப்போது எதுதான் அழுகவில்லை?

விவசாயிகள் சங்கத்தில் எல்லாரும் கேட்டார்கள். என் வாய் சும்மா இருக்குமா? "என் தங்கச்சி வேர்ச்செடிய மாத்திக் கொடுத்துட்டா" என்று சொல்லிவிட்டேன்.

உன் அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

இருமல் நின்றுவிட்டது. வியாபாரமும் நின்றுவிடும் போலிருக்கிறது. சங்கத்துக்காரர்கள் சொல்லிவைத்த கன்றுகளை வேண்டாம் என்கிறார்கள். உங்கள் மாப்பிள்ளை செடிகளுக்குத் தண்ணீர்கூட ஊற்றாமல் உட்கார்ந்திருக்கிறார். ஊரெல்லாம் சொல்வதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, அண்ணா?

ஒன்று பாருங்கள். தண்டில் ஒட்டுப் போட்ட இடம் முடிச்சு மாதிரி இருக்கும். அது மண்ணுக்கு மேலே ஒரு சாண் தெரிய வேண்டும். கீழே இருக்கும் மூவிலை வேர்ச்செடி ஈரத்தைத் தாங்கும். மேலே இருக்கும் ஆரஞ்சுப் பட்டை ஈரமண் பட்டால் ஊறிப்போகும். பார்த்துவிட்டு எழுதுங்கள். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
வாலு

மார்ச் 16

அன்புத் தங்கைக்கு,

பார்த்தேன். ஒட்டுப் போட்ட இடம் கண்ணுக்கே தெரியவில்லை. காற்றில் கன்று சாயக் கூடாதென்று நான்தான் மண்ணை ஏற்றி அணைத்திருந்தேன். மண்ணைக் கையால் விலக்கிப் பார்த்தால், அந்த முடிச்சுக்கு மேலே பட்டை நகம் பட்டதும் கழன்று வருகிறது. கீழே உன் வேர்ச்செடி உறுதியாக நிற்கிறது. நீ கொடுத்தது சரியான கன்றுதான். பின்னால் நின்ற உன் அண்ணி, "இதுக்கா அவ மானத்த வாங்கினீங்க?" என்றாள். அவளைத் திரும்பிப் பார்க்க எனக்கு முகமில்லை.

ஆனால் அடுத்த கூட்டத்தில் என்னைச் சங்கத் தலைவராக்கப் போகிறார்கள். இந்த நேரத்தில் மாற்றிப் பேசினால் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வேன்? வேர்ச்செடியிலும் கொஞ்சம் கோளாறுதான் என்று நீ வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். கேட்கவே கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

உன் அண்ணன்

மார்ச் 29

அண்ணனுக்கு,

நீங்கள் கேட்டபடி கூட்டத்துக்கு வந்து சொல்லிவிட்டேன். நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள். கொஞ்சம் கோளாறு என்றால் அவர்கள் விடுவதாக இல்லை. தப்பு முழுக்க என்னுடையது என்று சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லி முடித்து உங்களைப் பார்த்தேன். பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தீர்கள். நிமிர்வீர்கள் என்று கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பண்ணையை மூடிவிடலாம் என்கிறார் உங்கள் மாப்பிள்ளை.

வாலு

ஏப்ரல் 2

தங்கைக்கு,

நீ வெளியே போன பிறகு நான் எழுந்தேன். நீ இருக்கும்போது எழுந்திருக்க வேண்டும், தெரியும். "தப்பு என்னோடது. ஒட்டு மேல மண்ண ஏத்தினது நான்தான். அவ குடுத்தது நல்ல கன்னு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

செயலாளர் வந்து என் தோளைத் தட்டினார். "தங்கச்சி பண்ணின தப்ப தன் தலைமேல போட்டுக்கறார் பாருங்க! இந்த மனசு யாருக்கு வரும்? இவர்தான் நமக்குத் தலைவர்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

இல்லை என்று அப்போதாவது கத்தியிருக்க வேண்டும். நான் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன்