பொட்டு வைத்த காயில்கள்

பாக்கார் ஆராங்,
சுங்கை பட்டாணி.

அன்பு மகள் சாந்தினிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் சுகமாயிருக்க காளியம்மா துணை நிற்பாள். சுகம் என்று எழுதுவது கடிதத்துக்குச் செய்யும் மரியாதை, அதனால் எழுதிவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் சரியில்லை. என்ன இது, போன் இருக்கும்போது அப்பா கடிதம் எழுதுகிறாரே என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் சரி விடு என்று சொல்லிவிடுவேன், இந்த முறை அப்படி விட எனக்கு மனசில்லை. பொங்கல் நன்றாகத்தான் போனது. அம்மா வாசலில் பெரிய கோலம் போட்டாள், பிறகு முட்டி வலி என்று படுத்துக்கொண்டாள், வழக்கம்தான். அடுத்த வீட்டு தேவகிக்கு மறுபடியும் பெண் குழந்தை, நீ ஒரு வார்த்தை வாழ்த்துச் சொல்லிவிடு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளி முடிந்து நீங்கள் விமானம் ஏறிய கொஞ்ச நாளிலேயே நம் பழைய கார் தகராறு செய்ய ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் குளிர் காய்ச்சல் வந்தவன் மாதிரி நடுங்கும், மேடு ஏறும்போது இழுக்காது, எஞ்சின் விளக்கு விட்டு விட்டுச் சிமிட்டும். மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி ஓடிய வண்டி, அதற்கும் வயசாகிறது, எனக்குத் தெரியாததில்லை. ஆனால் தோட்டத்து ரப்பர் பால் லாரியை அத்தனை வருஷம் ஓட்டியவனுக்கு எஞ்சின் செத்ததற்கும் ஒரு சிலிண்டர் மட்டும் அடிக்காமல் இருப்பதற்கும் வித்தியாசம் தெரியாதா? பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கிற காயிலில் ஒன்று போய்விட்டது, அவ்வளவுதான். ஒன்று போனால் மற்றதும் பின்னாலேயே போகும் என்று நாலு காயிலும் நாலு பிளக்கும் நானே கடைக்குப் போய்ப் பார்த்து வாங்கினேன். பிளக் உட்காரும் குழிக்குள் எண்ணெய் வேறு கசிந்திருந்தது, மேல் மூடியின் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டும், அது வீட்டு வாசலில் வைத்துச் செய்கிற வேலை இல்லை. அதனால் எல்லாவற்றையும் கொண்டுபோய் ஹேமநாதன் கையில் கொடுத்தேன். அவன்தானே நமக்கு ரிப்பேர் பார்க்கிற ஃபோர்மேன், வண்டி வாங்கிய நாள் முதல் அவனைத் தவிர வேறு யார் கையும் அதன் பானெட்டுக்குள் போனதில்லை. அவன் கல்யாணத்தன்று மாப்பிள்ளையாகக் கோயிலுக்குப் போனதும் இதே வண்டியில்தான்.

சாயங்காலம் வண்டியை எடுக்கப் போனேன். எல்லாம் மாற்றிவிட்டேன் அண்ணே, கேஸ்கெட்டும் போட்டாச்சு, ஆனாலும் நடுக்கம் நிற்கவில்லை, உள்ளே எஞ்சினே தேய்ந்துவிட்டது, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னான். பழைய சாமான் எங்கே என்று கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னான். எப்போதும் பழைய சாமானைப் புதுசு வந்த பெட்டியிலேயே போட்டுப் பின்னால் வைத்துக் கொடுக்கிறவன் அவன். கூலியும் வாங்கவில்லை. ஒரு ஃபோர்மேன் கூலி வேண்டாம் என்று சொன்னால் அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நம் பையன், நம் வருத்தத்தைப் பார்த்து வாங்கவில்லை என்று நினைத்தேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

அந்த நடுங்குகிற வண்டியிலேயே சிநேகிதன் ராமையாவை ஏற்றிக்கொண்டு போனேன். திகாம் பத்துவிலிருந்து டயாலிசிஸுக்கு அவனை வாரத்தில் மூன்று நாளும் நான்தான் அழைத்துப் போகிறேன் என்பது உனக்குத் தெரியும். தெரியும்தானே? தெரிந்துதானே செய்தாய்? சுங்கை பட்டாணி வரும் வழியில், பெரிய ரோட்டில், வண்டி இரண்டு உதறு உதறி நின்றுவிட்டது. பின்னால் ஒரு டிரெய்லர்க்காரன் விடாமல் ஹாரன் அடிக்கிறான், ராமையா வெயிலில் ரோட்டோரம் கல்லின் மேல் உட்கார்ந்து, பரவாயில்லை கார்த்தி, பரவாயில்லை என்று எனக்கு ஆறுதல் சொல்கிறான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு வைத்திருந்த மெஷினில் வேறு ஆளைப் படுக்க வைத்துவிட்டார்கள். சாயங்காலம்தான் இடம் கிடைத்தது, அதற்குள் அவன் கால் வீங்கிப் பாதத்தில் விரல் வைத்தால் குழி விழுந்தது. மறுநாள் அவன் மருமகள் குணவதி போன் செய்து, "மாமா, தப்பா நெனைக்காதீங்க, இனிமே அவர வேன்லயே அனுப்பிக்கிறோம்" என்றாள். தப்பாக நினைக்கவில்லை. ஆனால் போனை வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மனசு கேட்காமல் மறுநாள் காலையில் வாசலில் வைத்து எஞ்சின் மூடியைக் கழற்றினேன். ஒரு காயிலை எடுத்துப் பக்கத்துச் சிலிண்டரில் மாட்டிப் பார்த்தால் கோளாறும் கூடவே இடம் மாறும், எது கெட்டது என்று கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். ஆனால் அந்த வேலைக்கே அவசியம் வரவில்லை. சரஸ்வதி பூஜைக்கு ஊரெல்லாம் பானெட்டுக்குப் பொட்டு வைக்கும், நான் மட்டும் மூடியைக் கழற்றிக் காயிலுக்கு வைப்பேன், நீ சின்ன வயசில் அதற்கு எவ்வளவு சிரிப்பாய். வண்டியை ஓட்டுவது பானெட்டா, காயில்தானே என்பேன். நாலு காயிலின் தலையிலும் போன பூஜைக்கு நான் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டிக்கொண்டு அப்படியே இருந்தது. புதுசு மாட்டினேன் என்றானே, புதுசுக்கு யார் பொட்டு வைத்தது?

நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். நான் கத்தவில்லை, மூடியைத் திறந்து காட்டினேன், அவ்வளவுதான். ஹேமநாதன் மேசை டிராயரை இழுத்து நான் வாங்கிக் கொடுத்த பெட்டிகளை எடுத்து வைத்தான். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "பாப்பா போன்ல அழுதுச்சுண்ணே. வண்டி ஓடுனா அப்பா ஓட்டத்தான் செய்வாரு, ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்புன்னு சொல்லுச்சு. நான் என்னண்ணே செய்யறது" என்றான். நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இப்போது என் கண் முன்னால் மாட்டு என்றேன். கேஸ்கெட் மாற்றினான், குழியில் இருந்த எண்ணெயைத் துடைத்தான், பிளக், காயில் எல்லாம் மாட்டினான். சாவியைத் திருப்பினால் வண்டி புதுசாக வந்த நாளில் எப்படி ஓடியதோ அப்படி நடுங்காமல் ஓடியது. சந்தோஷப்பட முடியவில்லை சாந்தினி. இதைச் செய்ய அவனுக்கு ஒரு மத்தியானம் போதுமாயிருந்தது, அதைச் செய்ய விடாமல் என் மகளே தடுத்திருக்கிறாள் என்ற நினைப்புத்தான் வந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னால் அவள் ஆச்சரியப்படவே இல்லை. பருப்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் புரிந்தது, அவளுக்கும் தெரியும். பழசுதானே விடுங்களேன் என்று அவள் தினம் சொன்னதும், கேட்காமலே எனக்கு இறால் சம்பல் வைத்ததும் எதற்கு என்று புரிந்தது. வெளியே திருடன் வந்தால் கதவைப் பூட்டலாம், வீட்டில் இருப்பவர்களே சேர்ந்துகொண்டால் எதைப் பூட்டுவது? தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது, கோலா கெடாவில் மீன் வாங்கித் திரும்பிய அன்று குருன் பக்கம் இருட்டும் நேரத்தில் நான் நடுத்திட்டில் உரசப் போனேன், நீ டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டாய். என்னம்மா என்று கேட்டேன். ஒன்றும் இல்லைப்பா என்றாய். அந்த ஒன்றுமில்லைதான் எனக்கு ஆறவில்லை. பயமாக இருக்கிறது அப்பா, உங்களுக்குக் கண் சரியில்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாமே. சண்டை போட்டிருப்பேன், உண்மைதான். உன்னிடம் சண்டை போட்டு எந்த நாள் நான் ஜெயித்தேன்?

கண் டாக்டரிடம் நானாகவே போனேன். இடது கண்ணில் புரை, அதனால்தான் எதிரே வருகிற விளக்கு பூவாய்ச் சிதறித் தெரிகிறது என்றார், தைப்பூசம் கழிந்து ஆபரேஷன். தீபாவளிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்நேரம் முடிந்தே போயிருக்கும், ராமையாவும் ரோட்டில் உட்கார்ந்திருக்க மாட்டான். டாக்டரிடமிருந்து வந்ததும் திகாம் பத்துக்கு ஒரு டாக்சியைப் பிடித்துப் போய்க் குணவதியைக் கூட்டி வந்து சாவியை அவள் கையில் கொடுத்தேன். லைசென்ஸ் இருக்கிறது, வண்டிதான் இல்லை அவளுக்கு. இப்போது அவள் ஓட்டுகிறாள், ராமையா முன்னால், நான் பின்னால். வண்டி ஓடாது என்று பொய் சொல்லி என்னை இறக்கப் பார்த்தீர்கள். நன்றாக ஓடுகிற வண்டியிலிருந்து நானே இறங்கிவிட்டேன். உன் அப்பா அப்படிச் செய்வார் என்று உனக்குத் தோன்றவே இல்லையே, அதுதான் மகளே வலிக்கிறது.

உன் காரும் புதுசு இல்லை. எஞ்சின் விளக்கு சிமிட்டினால் அப்படியே ஓட்டாதே, ஓரம் கட்டு. பிளக் மாற்றினால் கழற்றிய பழசைக் கேட்டு வாங்கிப் பார், யாரையும் நம்பாதே என்று எழுத வந்தது, வேண்டாம், நம்பு, ஆனால் பார்த்துக்கொள். குட்டிப்பயலுக்கு முத்தம், மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீ தீர்க்காயுசாய், குறை ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், கோபத்தில் இருந்தாலும் அப்பா வேறு என்ன கேட்பேன். ஹேமநாதனுக்கு இனிப் போன் செய்யாதே, என்னைப் பற்றி எது கேட்பதானாலும் என்னிடம் கேள். ஞாயிற்றுக்கிழமை வழக்கம் போலக் கூப்பிடு, அம்மா எடுப்பாள். அப்பாவிடம் கொடுங்கள் என்று சொல். நான் உடனே வரமாட்டேன். வைத்துவிடாதே.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத உன் அப்பா,
கார்த்திகேசு