நொட்டாங்கை

புதன், 16.9.1992
ராஜபாளையம்

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் டென்னிஸ் இரட்டையர் ஆட்டம். எல்லாப் பந்தையும் என் இடது பக்கம், பேக்ஹேண்டுக்குத்தான் போடுவார்கள் என்று என் ஜோடி நூர்ஜகானுக்குக் கவலை. மட்டையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் அடிக்கிறேன். பந்து வலையைத் தாண்டமாட்டேன் என்கிறது.

இன்று சாயங்காலம் பொறுக்கமாட்டாமல் கத்தினாள்.

"ஏட்டி, ஒன் நொட்டாங்கை சும்மா தொட்டுக்கிட்டு இருக்கு. அதுதான் அடிக்கணும். செத்த நேரம் சோத்துக்கைய எடுத்துட்டு அடி."

இடது கையால் மட்டும் அடித்தேன். பந்து பறந்துபோய்க் கோட்டுக்குள் விழுந்தது. அடுத்ததும் அப்படியே.

"எம்புட்டு நாளாட்டி இத ஒளிச்சு வச்சிருந்த?"

நான் எங்கே ஒளித்தேன்? சின்ன வயதில் அந்தக் கையால் பலப்பத்தை எடுத்தாலே அம்மா அடிப்பாள். இன்றைக்கும் டம்ளரை இடது கையால் நீட்டிவிட்டால் முறைக்கிறாள்.

ராத்திரி சோறு போடும்போது, "ஞாயித்துக்கெழம ஆட்டம் பாக்க நானும் வாரேன்" என்றாள். எந்தக் கை அடிக்கப்போகிறது என்று நான் சொல்லவில்லை.

அம்மா தூங்கியதும் பேனாவைக் கை மாற்றிக்கொண்டேன். இந்த வரியை இடது கைதான் எழுதுகிறது. கோணல்மாணல்தான், ஆனாலும் வாசிக்க முடிகிறது. வரட்டும் அம்மா. பார்க்கட்டும்.